சாம்பல் நிறப் பச்சைப்பாம்பு

சரவணா, இதைப் படித்து முடிக்கும்வரை அந்தக் கட்டுரையை யாருக்கும் அனுப்பாதே. இந்த வாரம் அனுப்பப் போகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். "இருடா, ஒரு விஷயம் இருக்குது" என்றேன். "சாப்பிட்டேன்மா, ஹேமாவும் சாப்பிட்டா, இங்க ஒரே மழை" என்று நான் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். மறுநாளும் அதேதான். நான் சொல்ல வந்தது சோற்றைப் பற்றியோ மழையைப் பற்றியோ அல்ல, பாம்பைப் பற்றி என்று உனக்கு எப்படித் தோன்றும்? பாம்பைப் பற்றிச் சொல்ல என்னிடம் செய்தி இருக்கும் என்று எனக்கே தோன்றியதில்லை. வாய்ஸ் மெசேஜ் போடு என்றார் உன் அப்பா. போட்டேன். கேட்டுப் பார்த்தால் என் குரலைவிடக் குக்கர் விசில்தான் தெளிவாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். எழுதினால் நடுவில் வெட்ட முடியாது. பக்கங்களைப் படம் பிடித்து ஹேமாவின் போனுக்கு அனுப்புவேன். நீ சாப்பிட்டு முடித்த பிறகே உன்னிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். சாப்பிடும்போது படித்தால் தட்டை வைத்துவிட்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடுவாய். அசாமிலிருந்து ஓசூர் வரை பசியோடு வருவாய்.

உனக்கும் எனக்கும் இந்தப் பாம்பால் வந்த முதல் சண்டை நினைவிருக்கிறதா? உத்தனப்பள்ளிப் பக்கத்து மொட்டை மலையில் ஆடு மேய்க்கும் மாதப்பன் காட்டினார் என்று ஒரு பச்சைப்பாம்பின் படத்தைக் கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாய். பச்சைப்பாம்பு என்று பெயர், ஆனால் உடம்பில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. முழுக்கச் சாம்பல். நான் கார் டாஷ்போர்டு செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரிட்டயர் ஆகும்வரை லைட் பூத்துக்கு முன்னால் உட்கார்ந்து, மாஸ்டர் சாம்பிளோடு ஒவ்வொரு பீஸையும் ஒப்பிட்டு, நிறம் ஒரு நூல் மாறியிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளியவள். எனக்குத் தெரியாத ஷேடா? "இது தூசிடா. பக்கத்துல கல் குவாரி ஓடுது. ஈரத்துணியில தொடச்சிப் பாரு" என்றேன். நீ சிரித்தாய். நான் விடவில்லை. மறுபடி அதைக் கண்டபோது, எனக்காகவே ஈரத்துணியால் துடைத்து, அதை வீடியோவாகவும் எடுத்து அனுப்பினாய். பாம்பு வாயைத் திறந்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்தது. நிறம் போகவில்லை. உன் குரல் மட்டும் கேட்டது: "குளிப்பாட்டியாச்சும்மா. இப்ப பாஸா?" அந்த வீடியோவை உன் அப்பா நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். உன் அப்பாவின் ஊரான அருப்புக்கோட்டையில் உள்ள உன் சொந்தமெல்லாம் இன்றும் என்னை விசாரிக்கும்போது, பாம்பைக் குளிப்பாட்டச் சொன்ன மதினி என்றுதான் விசாரிக்கிறார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நீ எனக்கு விளக்கினாய். அந்த மலை நாலு பக்கமும் வெட்டவெளிக்கு நடுவே தனியாக நிற்கிறது. பச்சைப்பாம்பு புதர்விட்டுப் புதர் போகுமே தவிர, வெட்டவெளியைத் தாண்டி இன்னொரு மலைக்குப் போய்ச் சம்பந்தம் பேசாது. இருக்கிற கொஞ்சப் பேர் தங்களுக்குள்ளேயே பெருகினால், எங்கோ அபூர்வமாக வரும் நிறம் அங்கே சாதாரணமாகிவிடலாம் என்றாய். "சுத்தி கம்பெனி வந்ததால தனியாப் போச்சா?" என்று கேட்டேன். "கம்பெனி நேத்து வந்ததும்மா. மலை எந்தக் காலத்துலருந்தோ தனியாத்தான் நிக்குது" என்றாய். எனக்குப் பட்டென்று புரிந்துவிட்டது. "உங்க அப்பா வீட்டு மூக்கு மாதிரி" என்றேன். அத்தை மகள், மாமன் மகன் என்று தெருவுக்குள்ளேயே கட்டிக் கட்டி, அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஒரே மூக்கு. உன் அப்பா ஓசூருக்கு வேலைக்கு வந்து, இந்தப் பக்கத்துக்காரியான என்னைக் கட்டியதால்தான் நீ தப்பினாய். உன் அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, "எங்க மூக்குக்கு என்ன குறைச்சல்?" என்றார். நீ அவர் மூக்கைப் பாம்பைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தாய். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஹேமாவிடமும் இப்படித்தான் விளக்க வேண்டும். வீடியோ காலில் நீ பக்கத்தில் இருக்கும் அவளுக்கு விளக்கும்போது பாதி வார்த்தை எனக்கே புரிவதில்லை. அவள் மாமியார் முன்னால் மரியாதைக்குத் தலையாட்டுகிறாள்.

ஆனால் உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பாம்பு நிறம் மாறியிருந்தால் அது அதிசயப் பிறவி, அவ்வளவுதான். அதே மலையில் அதே நிறத்தில் இன்னொன்றைக் காட்டு, குட்டி போடும் தாயைக் காட்டு, அப்புறம் பேசலாம் என்றுவிட்டார். நீ மழைக்காலம் தோறும் அந்த மலையில் கிடந்தாய். பச்சை கிடைத்தது, பச்சை கிடைத்தது, மறுபடியும் பச்சையே கிடைத்தது. முகம் சுருங்கிப்போய் வருவாய். உனக்குப் பெண் பார்த்ததுகூட அந்த முகத்தைச் சகிக்க முடியாமல்தான். பாகலூரில் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் வெங்கடேசப்பா தன் தங்கை மகளுக்கு வரன் பார்க்கிறார், பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ், வீட்டில் தெலுங்கு பேசினாலும் தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவாள் என்றார்கள். தகப்பன் இல்லாத பெண்ணை ரோஜா ஏற்றிப் போகும் வண்டியிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டு வளர்த்தவர் அவர். மீசையைப் பார்த்தாலே நமக்குக் கை தானாகக் கும்பிடும்.

நிச்சயதார்த்தத்தன்று நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை இப்போது சொல்கிறேன். உன் அப்பா சொந்தக்காரர்களோடு வேனில் முன்னால் போய்விட்டார். சீர்த்தட்டுகளும் பட்டுப்புடவையும் நானும் நீயும் காரில். பாகலூருக்குப் போக வேண்டிய கார் ராயக்கோட்டை ரோட்டில் திரும்பியதும்தான் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். "எங்கடா போற?" என்றேன். "மாதப்பண்ணன் போன் பண்ணாரு. சாம்பல் கண்ணுல பட்டுருச்சாம். பத்தே நிமிஷம்மா" என்றாய். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மலையில் ஏறினாய். பத்து நிமிஷம் என்று நீ சொன்னால் அதை எதனால் பெருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. காருக்குள் மைசூர்பாகு உருக ஆரம்பித்தது. உன் அப்பா போன் மேல் போன் போட்டார். "எங்கிட்டு இருக்கீங்க? இங்க எல்லாரும் வந்துட்டாக. ஐயர் கடியாரத்தப் பாக்குறாரு." நான் பட்டுப்புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, உன் காதைப் பிடித்து இழுத்து வரும் முடிவோடு மலையேறினேன்.

நீயும் மாதப்பனும் ஒரு புதருக்குள் தலையை விட்டிருந்தீர்கள். பாம்பு தப்பித்துவிட்டது என்று நீ கிட்டத்தட்ட அழும் நிலையில் இருந்தாய். நான் திட்ட வாயைத் திறப்பதற்குள் முந்தானை பின்னால் இருந்த உண்ணிச்செடியில் மாட்டிக்கொண்டது. எடுக்கலாம் என்று திரும்பினால், முந்தானைக்குப் பக்கத்தில் இருந்த காய்ந்த குச்சிகளில் ஒன்று என்னைப் பார்த்தது. காற்றில் ஆடுவதுபோல லேசாக ஆடிக்கொண்டே பார்த்தது. சின்ன வயதிலிருந்து கண்ணைக் கொத்தும் பாம்பு என்று கேட்டு வளர்ந்தவள் நான். இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு, "சரவணா" என்றேன். சத்தம் வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. மூன்றாவது முறை வந்த சத்தத்தில் மாதப்பனின் ஆடுகள் எல்லாம் கீழே ஓடிவிட்டன. நீ வந்து பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாய். "அசையாதம்மா. வயிறப் பாரு, குட்டி இருக்குது. அம்மா, நீ சொல்லு, அதே கலரா?" கண்ணைத் திறக்காமல் கலர் பார்க்கச் சொன்ன முதல் இன்ஸ்பெக்ஷன் அதுதான். ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். "அதேதான்டா. பாஸ்" என்றேன். அப்போது உன் முகம் இருந்ததே, உன் ரிசல்ட் வந்த அன்றுகூட அப்படி இருந்ததில்லை. உன்னை இழுத்துப்போக வந்தவள் நான், அதற்குப் பிறகு உனக்காகக் குடை பிடித்தேன். நீ படம் எடுக்க வேண்டும், அளக்க வேண்டும், அதற்குத் துன்பம் வராமல் விட வேண்டும். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று தெரிந்துவிட்டது.

அங்கேதான் பொய் சொன்னேன். உன் அப்பாவுக்குப் போன் போட்டு, எனக்குத் தலைசுற்றி மயக்கம் வந்துவிட்டது, வழியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், கொஞ்ச நேரத்தில் வருகிறோம் என்றேன். அவர் அதை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். இரண்டு நிமிஷத்தில் ஹேமா கூப்பிட்டாள். பெண் வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறாள் என்பது என் மூளைக்கு எட்டவேயில்லை.

"அத்தை, எந்த ஆஸ்பத்திரி?"

"இதாம்மா, ரோட்டு மேலயே."

"பிபி எவ்வளவு இருக்குதுன்னாங்க?"

"நூறு" என்றேன்.

"கீழ எவ்வளவு?"

கீழே ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு மறந்துவிட்டது. "அதுவும் நூறுதாம்மா" என்றேன். அந்த நேரம் பார்த்து மாதப்பன் ஆடுகளைத் திருப்ப, "ட்ரியோ, ட்ரியோ" என்று மலை அதிரக் கத்தினார். அதற்குப் பிறகு ஹேமா மெதுவாகக் கேட்டாள்: "அத்தை, அந்தச் சாம்பல் பாம்பு கெடச்சிருச்சா?" நீ அவளிடம் முன்பே எல்லாம் சொல்லியிருக்கிறாய் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். "கெடச்சிருச்சும்மா. வயித்துல குட்டியோட" என்றேன். "அப்ப நிதானமா வாங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள். அவள் போய்த் தன் மாமாவிடம், பெரியவங்களுக்கு மயக்கம் வந்தால் ஒரு மணி நேரம் படுக்க வைத்துத்தான் அனுப்புவார்கள் என்று நர்ஸ் குரலில் சொல்லியிருக்கிறாள். ஐயரிடம் அடுத்த நல்ல நேரத்தையும் அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள். நிச்சயம் ஆவதற்கு முன்பே மாமியாரும் மருமகளும் சேர்ந்து ஒரு பொய்யைக் காப்பாற்றினோம். உங்கள் கல்யாணம் என் மனதில் நிச்சயமானது அந்த மலையில்தான்.

நீதான் கெடுத்தாய். பந்தலுக்குள் நுழைந்ததும் பெண்கள் எனக்கு குளுக்கோஸ் தண்ணீரும் விசிறியும் கொண்டு வந்தார்கள். நானும் கஷ்டப்பட்டு முகத்தை வாட வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெங்கடேசப்பா வந்து, "இப்ப எப்பிடி இருக்குதுக்கா?" என்று அக்கறையாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் நீ, "சூப்பரா இருக்குது மாமா, ரெண்டாவது பாம்பு, அதுவும் பெண்ணு" என்று போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாய். பந்தலில் ஒரு மூலையில் "பாமு" என்றார்கள், இன்னொரு மூலையில் "ஹாவு" என்றார்கள், நம் வேனில் வந்தவர்கள் "பாம்பு" என்றார்கள். மூன்று பாஷையிலும் நாற்காலி மேல் ஏறினார்கள். படம்தான் என்று புரிந்து எல்லோரும் இறங்கிய பிறகு வெங்கடேசப்பா என் புடவையில் ஒட்டியிருந்த முள்ளையும் பார்த்தார், உன் வேட்டியில் இருந்த மண்ணையும் பார்த்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் மாப்ள" என்றார். "நாளைக்கி என் பொண்ணுக்கு வலி வந்து ஆஸ்பத்திரியில கெடக்குது. அன்னிக்கின்னு பாத்து அந்த மலையில பாம்பு வந்திருக்குதுன்னு போன் வருது. நீ என்னா பண்ணுவ?"

எந்தப் பிள்ளையாக இருந்தாலும் உடனே பதில் சொல்லியிருப்பான். நீ யோசித்தாய். சரவணா, நீ யோசித்தாய்! தலையைச் சாய்த்து, நெற்றியைச் சுருக்கி, பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல யோசித்தாய். ஹேமாவின் அம்மா சீர்த்தட்டைத் தன் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். உன் அப்பா செருப்பைத் தேடினார். எனக்கு நிஜமாகவே தலை சுற்றியது. கடைசியில், "போக மாட்டேன் மாமா. ஹேமா பக்கத்துலதான் இருப்பேன்" என்றாய். எல்லோரும் மூச்சு விடுவதற்குள், "ஆனா போன வெக்கறதுக்கு முன்னாடி, அது என்னா கலர்னு மட்டும் கேட்டுக்குவேன்" என்றாய்.

முதலில் சிரித்தது ஹேமா. அப்புறம் அவள் அம்மா. வெங்கடேசப்பா சிரிக்கவில்லை. காது மந்தமான அவருடைய பெரியப்பா என்ன பேச்சு என்று கேட்க, அவர் குனிந்து தெலுங்கில் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லிக்கொண்டே வந்தவர், கலர் என்ற இடத்துக்கு வந்ததும் மீசை துடிக்க, அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "பொய் சொல்லத் தெரியாத பையன்" என்று ஐயரைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அவங்கம்மாவுக்குக்கூட சரியா வரலை" என்றார். அந்த ஒரு பதிலை நீ காப்பாற்ற வேண்டும். வேறு எந்தப் புத்திமதியும் உனக்கு நான் சொல்லப் போவதில்லை. மலையேறுவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிட்டுப் போ. பத்து நிமிஷம் என்று மட்டும் சொல்லாதே. என்ன நேரம் ஆகுமோ அதைச் சொல். அவள் தாங்குவாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்தன்று காலை, முகூர்த்தத்துக்கு முன்னால், வெங்கடேசப்பா என்னை மண்டபத்தின் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றுகொண்டு போனைக் காட்டினார். அவர் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு பாறைக் குன்று இருக்கிறதே, அதை உடைத்துச் சமப்படுத்திப் புதிதாக ரோஜாக் கூடாரம் போடுவதற்காக ஆட்கள் புதரை வெட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு பாம்பு இருந்திருக்கிறது. "முன்னெல்லாம் அடிச்சிப் போட்டுட்டு வேலையப் பாருங்கன்னு சொல்லியிருப்பேன். இன்னிக்கி வாயில வரலைக்கா. தொடாதீங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கலரு பாருங்க" என்றார். பார்த்தேன். பச்சைப்பாம்பு. பச்சை இல்லை. "மாப்ளகிட்ட இப்ப சொன்னா தாலி கட்ட ஆளிருக்காதுக்கா" என்றார். இருவரும் மணப்பெண் அறைக்குப் போனோம். ஹேமா படத்தைப் பார்த்தாள். தலை நிறையப் பூவோடு ரொம்ப நேரம் யோசித்தாள். "தாலி கட்டட்டும். அதுக்கப்புறமும் வேணாம் அத்தை, ரயில் ஏறட்டும். அசாம் போய் வேலையில சேரட்டும்" என்றாள். முகூர்த்த நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் உன்னைப் பார்த்து அப்படிச் சிரித்தோமே, ஆசீர்வாதம் என்று நினைத்திருப்பாய்.

நீ வேலையில் சேர்ந்தாய். ஆனால் அந்த மலையில் மட்டும்தான் இந்த நிறம், வேறெங்கும் இல்லை என்று கட்டுரை எழுதி முடித்துவிட்டேன் என்கிறாய். அதனால்தான் இந்த அவசரம். போன வாரம் நான் வெங்கடேசப்பாவோடு அந்தக் குன்றுக்குப் போனேன். நீ விட்டுப்போன கலர் அட்டையையும் கொண்டு போனேன். இரண்டு பாம்புகளைப் பார்த்தோம். அட்டையைப் பக்கத்தில் வைத்து வெயிலில் ஒரு படம், நிழலில் ஒரு படம் எடுத்திருக்கிறேன். அது உன் மலைச் சாம்பல் இல்லையடா. உன்னுடையது காய்ந்த சிமெண்ட் மாதிரி. இது அதில் காப்பித்தூள் கலந்த மாதிரி, கொஞ்சம் சிவப்பு தூக்கல். இரண்டையும் ஒரே காரில் மாட்ட முடியாது. ஒவ்வொரு மலைக்கும் ஒவ்வொரு ஷேடா, இல்லை எனக்குத்தான் வயதாகிக் கண் மங்கிவிட்டதா, தெரியாது. என்னை நம்பாதே. வந்து பார். கட்டுரை வீணாகிறதே என்று முகத்தைச் சுருக்காதே. உன் பாம்பு உன்னைப் பொய்யன் ஆக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வேலை வைத்திருக்கிறது.

ஜேசிபிக்காரர் தினமும் தோட்டத்துக்கு வந்து எப்போது வேலை ஆரம்பிக்கலாம் என்று கேட்கிறார். வெங்கடேசப்பா அந்தப் புதரிலிருந்து எட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, யாரையும் கிட்டே விடுவதில்லை. கிட்டே போக அவருக்கும் பயம்தான். நாங்கள் போயிருந்த அன்றும் அந்த ஆள் வந்தார். "என்னா சார் இது, ஒரு பாம்புக்காகவா வேலைய நிறுத்துவீங்க?" என்று சலித்துக்கொண்டார்.

"பாம்புக்காக யாரப்பா நிறுத்தினது?" என்றார் வெங்கடேசப்பா. "இது இங்க இருந்தாத்தான் எங்க மாப்ள வருவான். அவன் வந்தாத்தான் எங்க பொண்ணு வரும்."

நான் குடையை அவர் தலைக்கு மேல் இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன். டிக்கெட் போட்டதும் சொல்லுங்கள், இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடுங்கள்.

அம்மா